இருட்டுக்குப் பயந்தவர் விண்ணுக்குச் சென்ற கதை

நிலவில் மனிதன் முதன்முதலாகக் கால்பதித்தது 1969ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் தேதி இரவு. சிங்கப்பூரில் அப்போது மறுநாள் காலை. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் உள்ள ஸ்டேக் என்ற சிறிய தீவில், ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் அண்டை வீட்டுத் தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தானும் விண்வெளி வீரராக வேண்டும் என்று அன்றிரவே அவன் முடிவு செய்துவிட்டான்.

அந்த ஆசைக்கு இரண்டு தடைகள் இருந்தன. முதலாவது, கனடாவில் அப்போது விண்வெளி வீரர் என்று ஒருவர்கூட இல்லை. இரண்டாவது, அந்தச் சிறுவனுக்கு இருட்டு என்றால் பயம்.

அவர்தான் கிறிஸ் ஹேட்ஃபீல்ட். விண்வெளியில் நடந்த முதல் கனடியர், அனைத்துலக விண்வெளி நிலையத்திற்குத் தளபதியாக இருந்த முதல் கனடியர் ஆகிய பெருமைகள் அவருக்கு உண்டு. இருட்டுக்குப் பயந்த தம் சிறுவயதை அவர் ஒரு படக்கதையாக எழுதியிருக்கிறார். எழுத்தாளர் கேட் ஃபில்லியனுடன் சேர்ந்து அவர் எழுதிய ‘தி டார்க்கெஸ்ட் டார்க்’ 2016ல் வெளிவந்தது.

இந்தப் புத்தகத்தை எங்கள் வட்டார நூலகத்தில் இரவல் பெற்றபோது நான் விண்வெளியைப் பற்றி நினைக்கவில்லை. என் அக்கா மகனின் தூக்கத்தைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் ஒரு சிக்கல்

அவனுக்கு ஐந்து வயது. பாலர் பள்ளிக்குச் செல்கிறான். பிறந்தது முதல் அக்காவுக்கும் அத்தானுக்கும் நடுவில்தான் உறங்கினான். இந்த ஆண்டு ஆகஸ்டில் அவனுக்குத் தம்பியோ தங்கையோ பிறக்க வேண்டியிருந்தது. குழந்தைத் தொட்டில் பெற்றோர் அறைக்கு வர வேண்டும். அவன் தனி அறைக்குப் போக வேண்டும்.

புதுக் கட்டில் வாங்கினார்கள். சுவரில் டைனோசர் படம் ஒட்டினார்கள். பகலில் அந்த அறையை விட்டு அவன் வெளியே வரமாட்டான். இரவில் விளக்கை அணைத்தால் மட்டும் உள்ளே நிற்கமாட்டான். நள்ளிரவில் தலையணையைக் கட்டிக்கொண்டு பெற்றோர் அறைக் கதவைத் தட்டுவான். அத்தான் ஷிப்ட் வேலை பார்ப்பவர். அக்காவுக்கோ ஏழாவது மாதம். இருவருக்கும் தூக்கமில்லை.

உதவிக்கு வந்திருந்த என் அம்மா தமக்குத் தெரிந்த வைத்தியத்தைக் கையாண்டார். “எழுந்து வந்தா பூச்சாண்டி புடிச்சிக்குவான்” என்றார். நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுவதுதான். சோறு ஊட்டவும் பூச்சாண்டி, தூங்க வைக்கவும் பூச்சாண்டி. பிள்ளை அறையை விட்டு வெளியே வராமல் இருக்கத்தான் அம்மா அப்படிச் சொன்னார். அவன் காதில் விழுந்ததோ வேறு. இருட்டில் ஒருவன் இருக்கிறான் என்பதைப் பாட்டியே ஒப்புக்கொண்டுவிட்டார்.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அம்மாவை வளர்த்தவர்களும் அப்படித்தான் வளர்த்தார்கள். ஆனால், வேறு வழி ஏதாவது தேட வேண்டியிருந்தது.

கதையில் நடப்பது

புத்தகத்தில் வரும் சிறுவன் கிறிஸ், தன் மனத்தளவில் ஏற்கெனவே விண்வெளி வீரன். குளிக்கக் கூப்பிட்டால், உலகத்தைக் காப்பாற்றும் வேலையில் இருப்பதாகச் சொல்கிறான். படுக்கச் சொன்னால், செவ்வாய்க்குப் போய்க்கொண்டிருப்பதாகச் சொல்கிறான். விளக்கு அணைந்ததும் அந்த வீரம் காணாமல் போகிறது. அறையெங்கும் வேற்றுக்கிரகவாசிகள் ஒளிந்திருப்பதாக அவனுக்குத் தோன்றுகிறது. எழுந்து பெற்றோரின் படுக்கைக்கு ஓடுகிறான்.

பெற்றோர் அவனை அதட்டுவதில்லை. “அதெல்லாம் ஒன்றும் கிடையாது” என்று தட்டிக்கழிப்பதும் இல்லை. அவனோடு அறைக்குப் போய்த் தேடிப் பார்க்கிறார்கள். சிறு விளக்கு போடுகிறார்கள். அப்படியும் அவன் திரும்பி வருகிறான். கடைசியில், அவன் தன் கட்டிலில் உறங்காவிட்டால் எல்லாருக்கும் களைப்பாகிவிடும், மறுநாள் அண்டை வீட்டிற்குப் போக முடியாது என்று சொல்கிறார்கள். மறுநாள் என்ன நாள் என்பது அவனுக்குத் தெரியும். பயத்தோடுதான் படுக்கிறான்.

மறுநாள் தொலைக்காட்சியில் நிலவைப் பார்க்கும்போது அவன் ஒன்றைக் கவனிக்கிறான். அந்த வீரர்களைச் சுற்றி இருப்பது முழு இருட்டு. தன் அறையில் இருப்பதைவிடப் பல மடங்கு பெரிய இருட்டு. அவர்கள் அதற்குள் போயிருக்கிறார்கள்.

அன்றிரவு அவன் அறை முன்பு இருந்த அளவுக்கே இருட்டாக இருக்கிறது. அதைப் பார்க்கும் விதம்தான் மாறியிருக்கிறது. இருட்டில் பயப்பட மட்டுமல்ல, கண்டுபிடிக்கவும் ஏராளமாக இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றுகிறது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது இந்த இடம்தான். பயத்தைப் போக்குவதற்காக யாரும் இருட்டை அகற்றவில்லை. அந்த இருட்டுக்குள் பார்க்கத் தகுந்த ஒன்று இருப்பதை அவன் பார்த்தான். அதைத் தன் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தான்.

படங்களை வரைந்தவர்கள் டொரொன்டோவைச் சேர்ந்த டெர்ரி ஃபேன், எரிக் ஃபேன் சகோதரர்கள். பென்சிலால் வரைந்து கணினியில் வண்ணம் சேர்ப்பது இவர்களின் பாணி. எழுத்தில் இல்லாத பல செய்திகள் படங்களில் இருக்கின்றன. சிறுவனின் நாய் அல்பர்ட் என்ன செய்கிறது, எந்த மூலையில் எந்த உருவம் பதுங்கியிருக்கிறது என்று பிள்ளைகள் விரல் வைத்துத் தேடலாம். அக்கா மகன் அந்த உருவங்களை எண்ண ஆரம்பித்தான். எண்ண ஆரம்பித்த பிறகு அவற்றைப் பார்த்து அவ்வளவாகப் பயப்படவில்லை.

‘கும்மிருட்டு’ என்ற சொல்

புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தாலும் நான் கதையைத் தமிழில்தான் சொன்னேன். இக்காலத்துச் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் பலரைப் போல அவனும் நாம் தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் பதில் சொல்பவன். தமிழ் அவனுக்குப் ‘பாட்டி திட்டும் மொழி’, ‘பாலர் பள்ளி ஆசிரியர் பாட்டுச் சொல்லித்தரும் மொழி’. வியப்படைய ஆங்கிலம், பயப்பட ஆங்கிலம் என்று ஆகிவிடக் கூடாதே என்ற கவலை எனக்கு உண்டு.

தலைப்பைச் சொல்வதிலேயே ஒரு சுவை இருந்தது. இருட்டு, இருள், காரிருள், மையிருட்டு, கும்மிருட்டு என்று தமிழில் இருட்டுக்குத்தான் எத்தனை வகை! ஒவ்வொன்றையும் சொல்லிப் பார்த்தோம். அவன் ‘கும்மிருட்டு’ என்பதைத் தேர்ந்தெடுத்தான். அந்தச் சொல்லின் ஓசை அவனுக்குச் சிரிப்பூட்டியது. அதன்பிறகு விளக்கை அணைக்கும் நேரத்தில், “சித்தி, கும்மிருட்டு வந்துடுச்சு!” என்று அவனே அறிவிப்பான். பெயர் தெரியாத ஒன்றாக இருந்த இருட்டுக்கு இப்போது ஒரு பெயர் இருந்தது. அதுவும் அவனுக்குப் பிடித்த பெயர்.

கேள்விகளும் வந்தன. விண்வெளி ஏன் கறுப்பாக இருக்கிறது? சூரியன் இருக்கும்போதும் நிலவில் வானம் ஏன் கறுப்பு? பூமியைச் சுற்றியுள்ள காற்று சூரிய ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால்தான் நமக்குப் பகலில் வானம் நீலமாகத் தெரிகிறது. நிலவில் அப்படிச் சிதறடிக்கக் காற்று மண்டலம் இல்லை. அதனால் பகலிலும் வானம் கறுப்புதான். “நம்ம மேல ஒரு நீலப் போர்வை இருக்கு. நிலாவுக்குப் போர்வை கிடையாது” என்று சொன்னேன். “அதுக்குக் குளிராதா?” என்று கேட்டான். நல்ல கேள்வி. நிலவின் இரவு உறைய வைக்கும் குளிரும் அதன் பகல் கொதிக்கும் வெப்பமும் கொண்டவை என்பதற்கு, போர்வை போன்ற காற்று அங்கு இல்லாதது ஒரு முக்கியக் காரணம்.

நமக்கு இருட்டு எங்கே?

கதை படித்த சில நாள்களில் அவன் சன்னலுக்கு வெளியே காட்டி, “அங்க கும்மிருட்டு இல்லையே” என்றான். அவன் சொன்னது உண்மை. எதிர் புளோக்கின் தாழ்வார விளக்குகள் இரவு முழுவதும் எரிகின்றன. வானம் கறுப்பாக இல்லை, மங்கிய ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது.

இந்தப் புத்தகம் வெளிவந்த அதே 2016ஆம் ஆண்டில், உலகின் இரவு வானம் எவ்வளவு வெளிச்சமாகிவிட்டது என்பதைக் காட்டும் வரைபடம் ஒன்றை அனைத்துலக ஆய்வாளர் குழு வெளியிட்டது. ஒளி மாசு ஆக அதிகமுள்ள நாடாக அதில் குறிப்பிடப்பட்டது சிங்கப்பூர். இருட்டுக்கு நம் கண் முழுமையாகப் பழக ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்கள் தேவை. சிங்கப்பூரின் வானம் அந்தப் பழக்கத்திற்கே இடம் தராத அளவுக்கு வெளிச்சமாக இருக்கிறது என்று அந்த ஆய்வு கூறியது. நம் பிள்ளைகள் அஞ்சுவது அறைக்குள் இருக்கும் இருட்டுக்கு மட்டும். வானத்து இருட்டை அவர்கள் பார்த்ததே இல்லை.

ஜூன் பள்ளி விடுமுறையில் ஜோகூர் மாநிலம் குளுவாங்கில் உள்ள உறவினர் வீட்டிற்குப் போனோம். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடு. இரவு ஒன்பது மணியளவில் வாசல் விளக்கை அணைத்துவிட்டு, முற்றத்தில் பாய் விரித்துப் படுத்தோம். கைப்பேசியில் வான் வரைபடச் செயலி இருந்தது.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. நம் வீடுகளில் எல்லாருக்கும் ஒரு நட்சத்திரம் இருக்கிறது. கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது பெயரோடு சொல்கிறோமே, அதே நட்சத்திரம். அந்தப் பெயர்கள் உண்மையில் வானில் இருக்கும் விண்மீன்களைக் குறிப்பவை. ஆங்கிலத்தில் ஆர்க்டூரஸ் என்று அழைக்கப்படுவது நம் சுவாதி. ஸ்பைக்கா என்பது சித்திரை. அன்டாரிஸ் என்பது கேட்டை. பெட்டல்ஜூஸ் என்பது திருவாதிரை. அல்டெபரான் என்பது ரோகிணி.

என் அம்மாவின் நட்சத்திரம் கேட்டை. அக்கா மகனுக்குச் சுவாதி. தென்கிழக்கில் சற்றே சிவந்து மின்னிய விண்மீனைக் காட்டி, “அம்மா, அதுதான் உங்க நட்சத்திரம்” என்றேன். அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவர் பிறந்து வளர்ந்தது தோட்டத்தில். சிறுவயதில் எத்தனையோ இரவுகள் வானத்தைப் பார்த்திருக்கிறார். அறுபத்திரண்டு ஆண்டுகளாக அர்ச்சனைச் சீட்டில் சொல்லிவந்த பெயர் வானில் எங்கே இருக்கிறது என்று யாரும் அவருக்குக் காட்டியதில்லை.

சுவாதி எங்கள் தலைக்கு மேல், சற்று வடக்கே தெரிந்தது. “என்னோடது பாட்டியோடதைவிட பெரிசு!” என்றான் பையன். அவன் கண்ணுக்குத் தெரிந்த பிரகாசத்தைச் சொன்னான். சுவாதி ஏறத்தாழ 37 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. அவன் அன்று பார்த்த ஒளி, அவன் அம்மா பிறக்கும் முன்பே அங்கிருந்து கிளம்பிவிட்டது. இதை அவனுக்கு முழுமையாக விளக்க முடியவில்லை. “அந்த வெளிச்சம் ரொம்ப நாளா உன்னைப் பார்க்க வந்துக்கிட்டே இருந்திருக்கு” என்று சொன்னேன். அது போதுமாக இருந்தது.

பாட்டியும் பேரனும் அன்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பூச்சாண்டி அந்தப் பேச்சில் வரவே இல்லை.

பயம் வேறு, ஆபத்து வேறு

ஹேட்ஃபீல்டின் கதை நிலவோடு முடிந்துவிடவில்லை. போர் விமானியாகவும் சோதனை விமானியாகவும் பணியாற்றிய அவர், 1992ல் கனடா விண்வெளி வீரர்களைத் தேடியபோது விண்ணப்பித்தார். 5,330 பேர் விண்ணப்பித்ததில் தேர்வானவர்கள் நால்வர். அவர்களில் ஒருவர் ஹேட்ஃபீல்ட். தொலைக்காட்சியில் நிலவைப் பார்த்த இரவுக்கும் அந்த நாளுக்கும் இடையே கிட்டத்தட்ட 23 ஆண்டுகள்.

2001 ஏப்ரலில் தம் முதல் விண்வெளி நடையின்போது அவர் உண்மையாகவே கும்மிருட்டைச் சந்தித்தார். அனைத்துலக விண்வெளி நிலையத்தில் ‘கனடார்ம்2’ என்ற இயந்திரக் கையைப் பொருத்தும் வேலை. தலைக்கவசக் கண்ணாடியில் ஆவி படியாமலிருக்கப் பூசிய சோப்புக் கரைசல் அவருடைய ஒரு கண்ணில் பட்டு எரிந்தது. விண்வெளியில் எடையற்ற நிலையில் கண்ணீர் கன்னத்தில் வழியாது. கண்மேல் உருண்டையாகத் திரண்டு நிற்கும். அது மூக்கைத் தாண்டி மறு கண்ணுக்கும் பரவியது. இரு கண்களும் தெரியாத நிலையில் அவர் விண்வெளியில் நின்றார். கட்டுப்பாட்டு நிலையத்துடன் பேசியபடி நிதானமாக இருந்தார். கண்ணீர் அந்தக் கரைசலைக் கரைக்கக் கரைக்கப் பார்வை திரும்பியது. வேலையைத் தொடர்ந்து முடித்தார்.

இதைப் பற்றி 2014ல் டெட் மேடையில் பேசியபோது, நாம் பயப்படுவதும் உண்மையான ஆபத்தும் ஒன்றல்ல என்பதை அவர் வலியுறுத்தினார். பயப்படும் ஒன்றைப் பற்றித் தெரிந்துகொண்டு, அதற்குத் திரும்பத் திரும்பப் பழகினால் பயத்தின் அளவு குறையும் என்பது அவர் கருத்து. மேடையில் பேசுவது, தேர்வு எழுதுவது, நேர்முகத் தேர்வுக்குப் போவது என்று நம் வயதினருக்கு உள்ள பயங்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

அண்ணன்மார்களே, அக்காமார்களே

இந்தப் பக்கத்தைப் படிக்கும் இளையர்கள் பலருக்குத் தம்பி தங்கையோ, அக்கா பிள்ளைகளோ இருப்பார்கள். அவர்களுக்குக் கதை படித்துக் காட்டுவது பெற்றோரின் வேலை என்று விட்டுவிட வேண்டியதில்லை. வேலை முடிந்து களைத்து வரும் பெற்றோருக்கு இருபது நிமிட ஓய்வு கிடைத்தாலே பெரிய உதவி.

எனக்குப் பயன்பட்ட சிலவற்றைச் சொல்கிறேன். ஆங்கிலப் புத்தகமாக இருந்தாலும் தமிழில் சொல்லுங்கள். வரிக்கு வரி மொழிபெயர்க்கத் தேவையில்லை. படத்தைக் காட்டி நம் வீட்டுப் பேச்சில் சொன்னாலே போதும். பக்கத்தைப் பிள்ளையே புரட்டட்டும். ஒரே பக்கத்தில் பத்து நிமிடம் நின்றாலும் விட்டுவிடுங்கள். “பயப்படாதே” என்பதைவிட, “அங்க என்ன தெரியுது?” என்று கேட்பது நல்ல பலன் தந்தது. பிரகாசமான சில விண்மீன்கள் சிங்கப்பூர் வானிலும் தெரியும். கீழ்த்தளத் திடலுக்கோ கடற்கரைக்கோ அழைத்துச் சென்று, குடும்பத்தில் யாருடைய நட்சத்திரம் தெரிகிறது என்று தேடிப் பாருங்கள்.

இதே வகையில் இன்னொரு படக்கதையையும் பரிந்துரைப்பேன். நேதன் பிரையன் எழுதி டாப்போ அடியோலா படம் வரைந்து 2019ல் வெளிவந்த ‘லுக் அப்!’. விண்வெளி வீராங்கனையாக விரும்பும் ராக்கெட் என்ற சிறுமி, எந்நேரமும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணன் ஜமாலை எரிகல் பொழிவைப் பார்க்க நிமிர வைக்கும் கதை. இது தங்கைக்காக வாங்க வேண்டிய புத்தகமா, அண்ணனுக்காக வாங்க வேண்டிய புத்தகமா என்பதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

என் அக்கா மகன் ஒரே இரவில் மாறிவிடவில்லை. ஜூலை முழுவதும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் எழுந்து வந்தான். இன்றும் அறைக் கதவு பாதி திறந்திருக்க வேண்டும்.

ஆனால், ஜூலை இறுதியில் ஓர் இரவு அவன் அக்காவின் வயிற்றில் காது வைத்துக்கொண்டு, “பாப்பா உள்ள கும்மிருட்டுலயா இருக்கு? அதுக்குப் பயமா இருக்காதா?” என்று கேட்டான். அக்கா, “நீயும் அங்கதான் இருந்தே. நான் பேசுறது உனக்குக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு” என்றாள். அன்றிலிருந்து தங்கை பிறக்கும்வரை தினமும் படுக்கப் போகுமுன் அவன் அந்த வயிற்றிடம் கிறிஸ் கதையைச் சொன்னான். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். ‘கும்மிருட்டு’ மட்டும் எப்போதும் தமிழில்தான்.